பக்கெட்டுக்குள் விழுந்த பந்து

கண்ணாடிக் கடைக்காரருக்கு எதையும் மாற்றி மாற்றிப் பார்க்காமல் மனசு ஆறாது. "இது தெளிவா தெரியுதா, அதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்டே பழகிய வாய். கோல்ஃப் ஆடப் போனால் மட்டும் அந்தப் புத்தி எங்கே போகும்? மணலில் சிக்கிய பந்தைத் தூக்கியடிக்க ஒரு வெட்ஜ் மட்டை வேண்டும். பிடிக்காததைத் திருப்பித் தருவதாகச் சொல்லி இரண்டை வாங்கிவந்தார். ஒன்றின் முகம் ஐம்பத்தாறு டிகிரி சாய்வு, மற்றது அறுபது. ஒரு வாரமாக வீட்டுப் பின்புறத்தில் பக்கெட்டை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். ஒரு பந்தும் உள்ளே விழவில்லை; எல்லாம் பக்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே விழுந்தன.

"இதுவா, அதுவா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க," என்றாள் பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி. பந்து பட்டுப் பட்டு துவைத்ததில் பாதி மறுபடி அழுக்கு. அவர் அறுபதை எடுக்கக் குனிந்த நேரம் பார்த்து, பக்கெட்டைக் காலால் அவர் பக்கம் நகர்த்திவிட்டாள்.

அடுத்த பந்து டொப்பென்று உள்ளே விழுந்தது. அதற்கடுத்ததும்.

"அறுபதுதான். முடிவு பண்ணியாச்சு."

"அப்பாடா."

மட்டையைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நீயும் மைதானத்துக்கு வந்துடு. அங்க குழியை யாரு நகர்த்தி வைப்பா?"