தர்பாரின் நான்காம் பக்கம்

கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு பழைய கறுப்பு வெள்ளைச் சரித்திரப் படத்தைப் பற்றிப் பல்லாண்டுகளாக மேடைகளில் பேசிவருகிறேன். அந்தப் படத்தில் எந்தச் சந்தேகம் எழுந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்த மதிப்பை நான் கண்போல் காத்துவந்திருக்கிறேன். ஆகவே, அதன் தர்பார்க் காட்சியை மிகைமெய்ம்மை அனுபவமாக உருவாக்கிய குழுவினர், ஆலோசகர் என்று வாசற்பலகையில் என் பெயரைப் போட அனுமதி கேட்டபோது, முழுவதையும் பார்த்த பிறகே சொல்வேன் என்றேன்.

சேரப்பணஞ்சேரியில் ஒரு காலிக் கிடங்கை அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதற்கான மின்னணுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் கிடங்கு கிடங்காகவே தெரியும். அதற்குள்ளேயே தூண்களும் சிம்மாசனமும் எழும்பும், படத்தின் மனிதர்கள் ஆளுயரத்தில் நடமாடுவார்கள்.

சிக்கல் நான்காம் பக்கத்தில் வந்தது. படத்தில் தர்பாருக்கு மூன்று பக்கங்களே உண்டு. நான்காவது, காமிரா நின்ற இடம். குழுவின் தலைவியான பொறியாளர் அங்கே ஓர் அலங்கார மாடத்தை எழுப்பியிருந்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா டைரக்டர் காட்டாததை நாம காட்டினா அது பொய். அதுக்கு என் பேர் வராது."

"சார், அதை எடுத்துட்டா அந்தப் பக்கம் தகரச் சுவர் தெரியும். ராஜா தர்பார்ல தகரமா? ஜனங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

மாடம் நீக்கப்பட்டது. சிரிப்பு எழுந்தால் அது என்னை நோக்கியே எழும் என்பதை நான் அறியாமல் இல்லை.

ஒத்திகைக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்தவர்களை அழைத்திருந்தார்கள். நீலச் சீருடையோடு வந்து கண்ணாடிகளை மாட்டிக்கொண்டார்கள். நான் முன்பே தர்பாரின் நடுவில் நின்றிருந்தேன். அதன் எல்லையைக் காட்டத் தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. பிசகு அங்கேதான் நேர்ந்தது. தொழிற்சாலையில் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் இயந்திரம் ஓடும். அதைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வேலைக்குச் சேர்ந்த அன்றே கற்ற பாடம். அத்தனை பேரும் வாசலை ஒட்டிய அந்த நான்காம் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே, வரிசையாக நின்றுவிட்டார்கள்.

"உள்ள வாங்க, நடந்து பாருங்க," என்று தலைவி கெஞ்சினார்.

"இன்னா மேடம், யெல்லோ லைனைத் தாண்டச் சொல்றீங்க? சூப்பர்வைசர் பாத்தா மெமோதான்," என்றார் பக்கத்துப் படப்பை ஊர்க்காரர் ஒருவர்.

"ராசா வீட்டுலயும் கோடு போட்டிருக்காவ பாருல," என்றது ஒரு தென்பாண்டிக் குரல். பிறகு என் பக்கம் திரும்பியது. "ஐயா, நீங்க மட்டும் உள்ள நிக்கியளே, ராசாவுக்குச் சொந்தமோ?"

கிடங்கே சிரித்தது. நான் அஞ்சிய சிரிப்பு. கடிந்துகொள்ளத் திரும்பினேன்.

அப்போதுதான் அதைக் கண்டேன். இருபுறமும் நிறமற்ற பிரதானிகள் நிற்க, காலியாக விட்ட பக்கத்தில் நீல உடையில் ஓர் ஊரே நின்றிருந்தது. தகரம் தெரியவில்லை. அத்தனை ஆண்டுகளாக நான் விவரித்த தர்பாரில் அரசன் இருந்தான், அவை இருந்தது. குடிகள் இல்லை என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

காட்சி தொடங்கியது. பதவி பறிக்கப்பட்ட அமைச்சர் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியே வெளியேறுகிறார். படத்தில் அவர் காமிராவை நெருங்கியதும் காட்சி முடிந்துவிடும். இப்போதோ என் தோளை ஒட்டிக் கடந்து, அந்த மனிதர்களை நோக்கி நடந்தார். சிரிப்பு அடங்கியது. யாரும் சொல்லாமலே வரிசை இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. என்னைக் கேலி செய்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மஞ்சள் கோட்டில் அமைச்சர் கரைந்து மறைந்தார். வழி மட்டும் மூடவில்லை. அதற்கு அப்பால் திறந்த வாசலில் ஒரகடம் சாலையின் வெயில் தெரிந்தது.

தலைவி குனிந்து நாடாவின் முனையைப் பிடித்தார். "மன்னிச்சுக்குங்க சார். இதை உரிச்சுட்டு இன்னொரு தடவை…"

"இருக்கட்டும்மா. அது அங்கேயே இருக்கட்டும்," என்றேன். "என் பேரைப் போட்டுக்குங்க."

பிறகு, அவர்கள் திறந்துவைத்திருந்த அந்த வழியிலேயே நானும் வெளியேறினேன்.