மீட்கப் போனவரை மீட்ட கதை

என் நானா, அதாவது என் அண்ணன், ஒரு இராணுவக் கேர்ணலை எதிரியின் கையிலிருந்து மீட்டுக்கொண்டு வந்தவர். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் "இப்ப எதுக்கு அந்தக் கதை" என்று சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பதில் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன். நானா இதை வாசிக்கமாட்டார். பேப்பரில் கிரிக்கெட் பக்கத்தைத் தவிர வேறெதையும் அவர் திருப்புவதில்லை. அது ஒரு வகையில் நல்லது.

எங்கள் வீடு உக்குவளையில். மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற குடும்பம். எங்களில் ஆமியில் சிப்பாயாகச் சேர்ந்தது நானா ஒருவர்தான். வாப்பா அவரோடு நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு தேயிலைத் தோட்டம் இருந்தது. நானா சின்ன வயதில் முக்கால்வாசி நேரம் அங்கே தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளோடுதான் கிடப்பார். வீட்டில் எங்கள் பேச்சு, லயத்தில் தோட்டத்துப் பேச்சு, சந்தியில் சிங்களம் என்று மூன்றும் அவருக்குத் தடங்கலில்லாமல் வரும். படிப்பு மட்டும் வரவில்லை.

யுத்தக் காலத்தில் வன்னியில் ஒரு ஆமி முகாம் விழுந்தபோது அந்தக் கேர்ணல் பிடிபட்டார். ஒரு குளத்துக்குப் பின்னால் ஓட்டு வீடொன்றில் அவரை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தகவல் கிடைத்தது. கொமாண்டோக்கள் காட்டு வழியாக நடந்துபோய் அந்த வீட்டுக்குக் கிட்டப் பதுங்கினார்கள். நானாவும் அவர்களில் ஒருவர். துப்பாக்கியில் ஒரு சூடு வெடித்தாலும் உள்ளே இருப்பவரைக் கொன்றுவிடுவார்கள். அதனால் வாசலில் நிற்கிற காவல்காரனிடம் சத்தமில்லாமல் நெருங்க ஒருவர் வேண்டும். அவர் தமிழ் பேசவேண்டும்.

எங்கள் வீட்டுத் தமிழைப் பேசினால் முஸ்லிம் என்று முதல் சொல்லிலேயே பிடிபட்டுவிடுவார். யாழ்ப்பாணத்தார் மாதிரிப் பேசவும் நானாவுக்கு வராது. ஆனால் மலைநாட்டுக் கலவரங்களில் அடிபட்டு ஓடிப்போன தோட்டத்துச் சனங்கள் வன்னியில் நிறையக் குடியிருந்தார்கள். காணி வெட்டிக் கூலிக்குப் பிழைக்கிற அந்தச் சனத்தை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. "நான் தோட்டத்து ஆளா போறேன்" என்று நானாவே கேட்டு வாங்கிக்கொண்டாராம். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் மண்வெட்டியைப் போட்டுக்கொண்டு, காலை வெயிலில் தன்னந்தனியாக அந்த வாசலுக்கு நடந்து போனார்.

"ஐயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

காவல்காரன் துவக்கைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குடத்தின் பக்கம் திரும்பினான். நானாவின் கத்திக்கு அந்த ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. மீதியை மற்றவர்கள் முடித்தார்கள். கேர்ணலைத் தூக்கிக்கொண்டு திரும்பும் வழியில் நானாவின் முழங்காலில் சூடு பட்டது. அந்தக் காலை இன்றைக்கும் இழுத்துத்தான் நடக்கிறார்.

இதை எங்களிடம் ஒரே தடவைதான் சொன்னார். "தண்ணி எடுக்கத்தான், தங்கச்சி, அவன் திரும்பினான்" என்றதோடு நிறுத்திவிட்டு எழும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். கேர்ணலைப் பற்றி மட்டும், "சேர்" "சேர்" என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார். சேர் ஆஸ்பத்திரிக்கு வந்து கையைப் பிடித்தார், சேர் கண் கலங்கினார், உனக்கு எது வந்தாலும் என்னிடம் வா என்று சேர் சொன்னார்.

சேர் பிறகு பெரிய மனிதராகிவிட்டார். அலுவிகாரைப் பக்கம் பங்களா கட்டி வந்து குடியேறினார். தொலைக்காட்சியில் அடிக்கடி தோன்றித் தான் மீண்ட கதையைச் சொல்வார். "கதவுக்கு வெளியே தமிழ்க் குரல் கேட்டது. என்னைக் கொல்ல வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்" என்பார். கேட்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் குரல் யாருடையது என்று சொல்ல மட்டும் அவருக்கு ஒருநாளும் வாய் வரவில்லை. நான் கொதித்தால் நானா என்னைத்தான் அடக்குவார்.

"டீவில நேரம் கம்மி தங்கச்சி. எல்லாத்தையும் சொல்ல ஏலுமா?"

ஈஸ்டர் ஞாயிறு குண்டுகள் வெடித்ததற்குப் பிந்திய, முஸ்லிம்கள் எல்லோர் மேலும் சந்தேகம் விழுந்த வாரங்கள். வாள், கத்தி, ஆமி உடுப்பு போன்றவை யாரிடமாவது இருந்தால் பொலிஸில் ஒப்படைக்கச் சொன்னார்கள். பள்ளிவாசல் ஸ்பீக்கரிலும் அறிவித்தார்கள். எங்கள் தெருவில் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. குர்பான் கத்தியைச் சுது கங்கையில் எறிந்தவர்கள் எத்தனையோ பேர். இறைச்சி வெட்டக் கத்தியில்லாமல் பிறகு அடுத்த வீட்டில் இரவல் கேட்டு நின்றார்கள். ஒரு மாமி அரபு எழுத்து இருக்கிறதென்று பேரீச்சம்பழப் பெட்டியைக்கூட எரித்தார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்க ஒருவருக்கும் தெம்பில்லை.

நானா என்ன செய்தார் தெரியுமா? அலுமாரியிலிருந்து தன் பழைய புள்ளிப்போட்ட யூனிபோமை எடுத்தார். மேசையில் துணி விரித்து, தண்ணீர் தெளித்து, மடிப்புக் கலையாமல் அயன் பண்ணினார். கூடவே கொமாண்டோக்களுக்குக் கொடுத்த கத்தியையும் எண்ணெய் போட்டுத் துடைத்தார். எனக்குப் பதறிவிட்டது.

"நானா, அல்லாவுக்காக அத எரிச்சிருங்க. இல்லாட்டி ஆத்துல போடுங்க."

"திருடின சாமானா, எரிக்கிறதுக்கு? அரசாங்கம் குடுத்தது. அரசாங்கம் கேக்குது. ஒழுங்கா கொண்டுபோய்க் குடுக்கணும்."

எரித்தவர்களும் எறிந்தவர்களும் வீட்டில் இருந்தார்கள். அயன் பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தவரை உள்ளே போட்டார்கள்.

நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். நானாவின் மனைவி வாசலைத் தாண்டவே பயந்துபோயிருந்தார். அங்கே இருந்த அதிகாரியிடம், இவர் ஆமியில் இருந்தவர், கொமாண்டோ, கால் போனதே அங்கேதான் என்று சிங்களத்தில் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் என் முக்காட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கொமாண்டோவா? அப்படியென்றால் இன்னும் மோசம். நாங்களே பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறோம்." நான் கொண்டுபோன ஒரே அத்தாட்சியை அவர் குற்றமாக்கிவிட்டார். பெரிய இடத்திலிருந்து யாராவது ஒருவர் இவருக்காகப் பேசினால்தான் உண்டு என்று அங்கிருந்த ஒரு கொன்ஸ்டபிள் என் காதில் சொன்னார்.

எனக்குத் தெரிந்த பெரிய இடம் ஒன்றுதான். அலுவிகாரைக்கு பஸ் ஏறினேன். கேட்டில் என் கைப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். சேர் விறாந்தையில் இருந்தார். என்னை உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். மரியாதைக்குக் குறைவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அன்று கதவுக்கு வெளியே கேட்ட தமிழ்க் குரல் என் அண்ணனுடையது, சேர்" என்றேன்.

"தெரியும்" என்றார். "நல்ல வீரன்."

தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

"ஸ்டேஷனுக்கு டெலிபோனில் ஒரு கோல் எடுத்துச் சொன்னால் போதும், சேர்."

அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது நல்ல காலமில்லை. உங்கள் ஆட்களுக்காக நான் இப்போது வாய் திறந்தால் எனக்கு என்ன பேர் வரும்? தேர்தலும் வருகிறது. கொஞ்சம் பொறுங்கள், எல்லாம் சரியாகிவிடும்."

உங்கள் ஆட்கள்! மண்வெட்டியோடு அந்த வாசலுக்கு நடந்தபோது நானா யாருடைய ஆள் என்று கேட்க வாயெடுத்தேன். உள்ளே கிடப்பவரை நினைத்து விழுங்கிக்கொண்டேன். குடிக்காத தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்தேன்.

மறியல் சிறையில் நானாவைப் பார்த்தபோது தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "சேரைப் போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கவனிக்கிறேன்னு சொன்னார்."

வேறு என்ன சொல்வது? அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் பொய்தான் சொல்லியிருப்பீர்கள்.

அன்றே பல்லேகமவுக்கு ஒரு கோல் எடுத்தேன். அன்று வன்னியில் நானாவோடு அந்த ஓட்டு வீட்டுக்குள் புகுந்த ஒரு சிங்களக் கூட்டாளி அங்கே வயல் செய்துகொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்குமுன்னே அவர் கெட்ட வார்த்தையில் யாரையோ திட்டினார். மறுநாளே தங்கள் ஊர் விகாரையின் பெரிய பிக்குவான ஹாமுதுருவையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் வந்து இறங்கிவிட்டார். ஹாமுதுரு உள்ளே போய் நாற்காலியில் அமர்ந்து, "இந்த மனிதனுக்கு நான் பொறுப்பு" என்று மட்டும் சொன்னார். எழும்பவே இல்லை. அதற்குப் பிறகு காரியம் மளமளவென்று நடந்தது. அடுத்த வழக்குத் தவணையில் நீதிமன்றம் நானாவை விட்டது. கூட்டாளி ஒரு பிளேன்டீ குடித்தார். நாற்று வாடிவிடும் என்று சொல்லி பஸ் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த நானா நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார். ஜும்ஆ முடிந்த கையோடு வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு பை நிறைய ரம்புட்டான் கட்டினார்.

"சேரைக் கண்டு நன்றி சொல்லிட்டு வாறேன்."

"ஒங்கள வெளிய எடுத்தது பல்லேகம கூட்டாளி நானா. சேர் இல்ல."

"சேர் சொல்லாம அவன் வருவானா? மேலேருந்து ஓடர் வந்திருக்கும். ஒங்களுக்கு ஆமி விசயம் விளங்காது தங்கச்சி."

நான் அவரைத் தடுக்கவில்லை. எனக்கு ஒரு ஆசை இருந்தது. நானாவின் முகத்தைப் பார்த்தாவது அந்த மனிதனுக்கு வெட்கம் வரும். நான் ஒன்றும் செய்யவில்லை, மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்காக அன்று பின்னேரம் முழுக்க வாசலிலேயே நின்றேன்.

பொழுது சாயும்போது நானா காலை இழுத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"தோள்ல தட்டி, ஒனக்காக இதக்கூட செய்யமாட்டேனான்னு கேட்டார் தங்கச்சி."

நான் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் வாயில் வந்த அத்தனை வசையையும் சொல்லி அந்த மனிதனைத் திட்டினேன். நானாவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று மெதுவாகத்தான் திட்டினேன்.