ஆறு மெத்தைகளும் ஒரு சொல்லும்

கம்பளிகளை உதறும்போது எழும் அந்துருண்டை வாசனையும், ஜன்னல் இடுக்குகளில் கோடை முழுக்கச் சேர்ந்த மணல் வாயில் புகுந்து பல்லிடையே நறநறப்பதுமாகத்தான் அல் ஐனில் எங்களுக்குக் குளிர்காலம் பிறக்கும். எழுபதுகளின் நடுவில், அப்பா தட்டச்சராக இருந்த அலுவலகத்தின் முதலாளிக்கு, நாங்கள் "அர்பாப்" என்றழைத்த அந்த அரபிக்கு, பேரீச்சந்தோப்பின் நடுவே ஒரு விடுமுறை வீடு இருந்தது; வெயில் தணிந்ததும் அபுதாபியிலிருந்து வெள்ளைக்காரக் குடும்பங்கள் வந்து அதில் வாடகைக்குத் தங்கும். அதற்குள் அதைக் குடியிருக்கத் தக்கதாக்கும் பொறுப்பு, பின்பக்கத்து அறைகளில் வசித்த எங்களுடையது. "வாடகைக்கு விடுற வீடு, பொண்ணு பார்க்க வர்ற வீடு மாதிரிடி. வர்றவன் கண்ணு மூலையத்தான் பார்க்கும்" என்பாள் அம்மா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு.

தோட்டத்துக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நூர் பாய். கராச்சிப் பக்கத்திலிருந்து வந்து மூன்றே மாதமானவர், என்னைக் கண்டால் விறைத்து நின்று, "மேம்சாப், ஆஜ் டியூட்டி நஹீ?" என்று, இன்றைக்கு வேலையில்லையா எனச் சலாம் வைத்துக் கேலி செய்வார். அவர் பேச்சு எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் புரியும். ஒன்பது வயதில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஆடிய ஆட்டத்தில் ஒட்டிக்கொண்ட உருது. அப்பாவுக்கு இந்தி வராது, வராததில் மதுரைக்காரருக்கே உரிய ஒரு பெருமிதமும் உண்டு. "யல்லான்னா கிளம்பு, கலாஸ்னா முடிஞ்சது, மாஃபின்னா இல்லை. இந்த மூணு அரபு வார்த்தை போதும், வளைகுடாவையே வளைச்சிரலாம்" என்பார்.

விருந்தினர் வருவதற்கு முந்தின நாள், ஆறு மெத்தைகளையும் மொட்டைமாடி வெயிலில் விரித்துவிட்டு, ஒரு வாளி தண்ணீர் பிடித்து வரும்படி அம்மா என்னை அனுப்பினாள். நூர் பாய் மதியத் தொழுகைக்குப் போயிருந்தார். மோட்டாரை நானே போட்டேன். போட்டுவிட்டு, போன வருடத்து விருந்தினர் விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகை ஒன்று பரணிலிருந்து இறங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். காலில் பலகை கட்டிக்கொண்டு வெள்ளை மலையில் சறுக்கும் மனிதர்கள், என் வயதுப் பெண் ஒருத்தி, அவள் மூக்கு நுனியின் சிவப்பு. அந்த வெண்மையில் நான் மூழ்கிக் கிடந்த நேரத்தில் மாடித்தொட்டி நிரம்பி, வழிந்து, ஆறு மெத்தைகளும் பஞ்சுவரை ஊறிப்போயின.

அப்பா வந்து பார்த்தபோது நூர் பாய் முகம் வெளுத்து ஓடிவந்தார். மோட்டார் அவர் பொறுப்பு. அணைக்காமல் போனது தானேதான் என்று நம்பிவிட்டார். நெஞ்சில் கை வைத்து, "மாஃபி சாப், மாஃபி, மாஃபி" என்றார். உருதுவில் அதற்கு மன்னிப்பு என்று பொருள்.

அப்பாவுக்குத் தெரிந்ததோ அரபு மாஃபி. "அத்தனையும் நனைஞ்சு கிடக்கு, இல்லை இல்லைங்கிறான் பாரு!" என்று கொதித்தவர் என் பக்கம் திரும்பினார். "நீதான் அவன்கூட வாயாடுவியே. என்னதான் சொல்றான்?"

இரண்டு மாஃபியும் எனக்குத் தெரியும்.

"தான் போடலைன்னு சொல்றாருப்பா" என்றேன்.

தமிழ் அறியாத நூர் பாய், தனக்காக நான் பரிந்து பேசியதாக எண்ணி, என்னைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தார்.

தப்பு செய்ததோடு பொய்யும் சொல்கிறவன் என்று அர்பாபுக்குத் தகவல் போயிற்று. அவரே "கஃபீல்", விசாவுக்குப் பொறுப்பாளி. கஃபீல் வேண்டாமென்றால் அந்த மண்ணில் நிற்க ஓரடி இடமில்லை. மறுநாள் காலை நூர் பாய் ஒரு தகரப்பெட்டியோடு பிக்கப் வண்டியின் பின்னால் ஏறிப்போனார். எனக்குச் சலாம் வைத்தாரா என்று தெரியாது, நான் குளியலறைக்குள் ஒளிந்திருந்தேன்.

பல வருடம் கழித்து, மதுரையில், ஒரு மாலையில் அப்பாவிடம் இதை உடைத்தேன். அவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"தெரியும்மா. அடுத்த மாசமே கடைத்தெருவுல ஒருத்தன் என் காலை மிதிச்சிட்டு, நெஞ்சில கைய வச்சு மாஃபி மாஃபின்னான். அப்பவே விளங்கிருச்சு."

"பிறகு ஏம்ப்பா அர்பாப்கிட்ட சொல்லலை?"

"சொன்னா, மோட்டாரைப் போட்டது யாருன்னு கேப்பாரே. கடைத்தெருவுலேர்ந்து வந்து நான் சொன்ன அன்னிக்கே, வாளியை உங்கிட்டத்தான் குடுத்தேன்னு உங்கம்மா அழுதா."

இன்று அந்தத் தோப்பில்லை. வீடு இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவர்களோடு அடுக்குமாடி எழுந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் இல்லை. நூர் பாயின் முழுப்பெயர் என்னவென்று கேட்க ஒருவரும் மிச்சமில்லை. மூன்று பேரும் அறிந்தபடியே, ஒரே தட்டுச் சோற்றின் முன் வாய் திறக்காமல், அதன்பின் அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் தரையைத் துடைத்தோம், கம்பளி உதறினோம். அந்த வருடம் வந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும், இவ்வளவு சுத்தமான வீட்டை இந்தப் பக்கத்தில் பார்த்ததே இல்லை என்று சொல்லிப் போனார்கள்.