பொய்க் காகிதத்துக்கு மெய்யான ஸ்டாம்ப்

புடாபெஸ்டில் லூஸ்டிக் வீட்டு பிஸ்கட் டின்னில் மூன்று காகிதங்கள் இருக்கின்றன. ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு பொய்ச் சான்றிதழ், ஸ்டாம்ப் ஒட்டாத ஒரு மெய்ச் சான்றிதழ், எந்தச் சான்றிதழிலும் சேராமல் மூலை கிழிந்து கிடக்கும் ஒரு ஸ்டாம்ப். மூன்றும் ஆர்மின் லூஸ்டிக்கின் பிடிவாதம் விட்டுச்சென்றவை. அந்தப் பிடிவாதத்தோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்திய புண்ணியவதி அவர் மனைவி எதெல்கா.

ஆர்மின் யூத சமூகத்தின் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. பிறப்பு, கல்யாணம், இறப்பு எதுவானாலும் நகல் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதை மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி மேலே குறுக்காக ஊதா மையில் தேதி எழுதி ரத்து செய்வார். ஸ்டாம்ப் இல்லாத காகிதத்தைப் பார்த்தால் சட்டையில்லாமல் தெருவில் வந்தவனைப் பார்த்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மகன் எர்வின் ஏழு வயதில் அம்மாவுக்கு எழுதிய பிறந்தநாள் வாழ்த்தையும் அவர் விடவில்லை. ஒரு ஸ்டாம்பை ஒட்டி, தேதி போட்டு, "இப்பத்தான் இது செல்லும்" என்று கொடுத்தார். பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்பேர்ப்பட்டவர் வாழ்க்கையிலும் ஒரு கறை உண்டு. யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வரத் தொடங்கிய வருஷம், யார் யாருக்குப் பிறந்தவர் என்று நிரூபிக்க ஊரே அவர் ஜன்னல் முன்னால் வரிசை கட்டியது. எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியாகத் தன் பிறப்புச் சான்றிதழின் நகலை எழுதியபோது ஸ்டாம்ப் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் பென்சிலால் "ஸ்டாம்ப் பின்னர் ஒட்டப்படும்" என்று குறித்து வைத்தார். மறுநாள் மறந்துபோனார். ஞாபகம் வந்தபோது ஜெர்மானியர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள்.

அதற்கு முந்தைய வருஷமே எர்வினைக் கட்டாய வேலைப்படைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ரயிலடியில் எதெல்கா அவனிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"திரும்பி வந்ததும் எங்க பேரைத் தேடு. வீடு இருக்குமோ இருக்காதோ, பேரு இருக்கும்."

நாற்பத்து நாலு அக்டோபரில் ஜெர்மானியர்களின் கையாட்களான பச்சைச் சட்டைக் கட்சிக்காரர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். தெரிந்த அச்சகக்காரர் ஒருவர் கள்ளச் சான்றிதழ் தயார் செய்து கொடுத்தார். அதன்படி ஆர்மினுக்குப் பெயர் போல்டிஷார் வாஷ்கோ. ரஷ்யர்களுக்குப் பயந்து ட்ரான்சில்வேனியாவிலிருந்து ஓடிவந்த கத்தோலிக்கர். ஆர்மின் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார்.

"இது செல்லாது."

"ஏன், எழுத்து சரியில்லையா?"

"எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஸ்டாம்ப் இல்ல."

"கள்ளக் காகிதத்துக்கு ஏதுங்க ஸ்டாம்ப்?"

"கள்ளமா அடிச்சது அச்சகக்காரர் பாவம். ஸ்டாம்ப் இல்லாம நீட்டினா அது என் பாவம். நீட்ட மாட்டேன்."

எதெல்கா கத்திப் பார்த்தாள், அழுது பார்த்தாள். பிறகு யூதர் என்று அடையாளம் காட்டக் கோட்டில் தைத்திருந்த மஞ்சள் நட்சத்திரத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே, ஸ்டாம்பும் விற்கிற முக்குப் புகையிலைக் கடைக்குப் போனாள். வழியெல்லாம் புருஷனைத் திட்டிக்கொண்டே போனாள்.

"குண்டு விழுது, ஊரே எரியுது. உங்களுக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் கேக்குதாம்மா?" என்றார் கடைக்காரர்.

"அதை எங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து சொல்லுங்க. ரெண்டு பெங்கோ விலையில ஸ்டாம்ப் ஒண்ணு குடுங்க."

ஆர்மின் ஒட்டினார். ஊதா மையில் ரத்து செய்தார். அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

டிசம்பரில் அவர்கள் பதுங்கியிருந்த நிலவறைக்குப் பச்சைச் சட்டைக்காரர்கள் வந்தார்கள். தலைவன் முன்பு வரி அலுவலகத்தில் பியூனாக இருந்தவன். இரண்டு குடும்பங்களின் சான்றிதழ்களைப் பார்த்து மேலே ஏறச் சொன்னான். வாஷ்கோவின் காகிதம் வந்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"இன்னிக்குப் பூரா இந்தத் தெருவுல ஸ்டாம்ப் ஒட்டின ஒரே காகிதம் இதுதான். தேதிகூட ஒழுங்காப் போட்டிருக்கு. நாட்டுல இப்படி நாலு பேர் இருந்தா நாம ஏன் தோக்கறோம்?"

மேலே ஏறியவர்களை ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள். அவர்களுடையதும் அதே அச்சகத்தில் அடித்த காகிதம்தான். எதெல்காவுக்கு உயிர் பிழைத்த சந்தோஷமும், சந்தோஷப்பட்டோமே என்ற அவமானமும் ஒன்றாக வந்தன. கடைசிவரை அவளால் அவற்றைப் பிரிக்க முடியவில்லை.

ரஷ்யர்கள் வந்தார்கள், சண்டை ஓய்ந்தது. பள்ளிக்கூடச் சுவரில் பிழைத்தவர்கள் பட்டியலை ஒட்டினார்கள். தினமும் ரயிலில் வந்திறங்கும் எலும்புக்கூட்டுப் பிள்ளைகள் நேரே அந்தச் சுவருக்குத்தான் போனார்கள். சுவரில் வாஷ்கோ என்று இருந்தால் எர்வின் எப்படிக் கண்டுபிடிப்பான்? சொந்தப் பெயரைத் திரும்ப வாங்க இருவரும் வட்டார அலுவலகத்துக்கு ஓடினார்கள். அங்கே தூதாஷ் என்ற அதிகாரி இரண்டு சான்றிதழ்களையும் அருகருகே வைத்தார்.

"நீங்க வாஷ்கோதான். இது அசல். ஸ்டாம்ப் இருக்கு."

"அது கள்ளக் காகிதம் ஐயா. நான் லூஸ்டிக்."

"லூஸ்டிக் காகிதத்துலதான் ஸ்டாம்ப் இல்லையே. 'பின்னர் ஒட்டப்படும்'னு பென்சில்ல கிறுக்கியிருக்கு. எவனோ அரைகுறைத் திருடன் செஞ்ச வேலை."

ஆர்மின் தலை குனிந்தார். "நீங்க சொல்றது நியாயம்தான்" என்றார்.

எதெல்காவுக்கு வந்த கோபத்தில் மேஜை அதிர்ந்தது. "நியாயமா? பெத்த பிள்ளை சுவரைப் பாத்துட்டு நாம செத்துட்டோம்னு திரும்பிப் போயிடுவான், உங்களுக்கு நியாயம் கேக்குதா? ஐயா, நீங்க ஒண்ணு யோசிங்க. குண்டு மழையில பெண்டாட்டியை அனுப்பி, கள்ளக் காகிதத்துக்குக் காசு குடுத்து ஸ்டாம்ப் வாங்கி ஒட்டின மனுஷன் இந்த ஊருல எத்தனை பேரு இருப்பான்? ஒருத்தன்தான். அவன் பேரு ஆர்மின் லூஸ்டிக். இந்தத் தெருவுல யாரை வேணாலும் கேளுங்க."

தூதாஷ் மூன்று பேரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஸ்டாம்ப் கதையை முடிப்பதற்குள் மூவரும் "அட, அது லூஸ்டிக்தான்" என்றார்கள். பெயர் திரும்பக் கிடைத்தது.

சுவரில் பார்த்தால் இன்னொரு வில்லங்கம். ஏற்கனவே இரண்டு ஆர்மின் லூஸ்டிக்குகள் இருந்தார்கள். இவர் மூன்றாவது. யாருக்கும் நிலையான முகவரி இல்லை. ஆர்மின் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்டாம்பை எடுத்து, எச்சில் தொட்டுத் தன் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டி, ஊதா மையில் ரத்து செய்தார்.

"பட்டியலுக்கு ஸ்டாம்ப் வேண்டாம் பெரியவரே" என்றாள் அங்கிருந்த பெண்.

"உங்களுக்கு வேண்டாம்" என்றார் ஆர்மின். அன்றைக்கு மட்டும் எதெல்கா திட்டவில்லை.

தினமும் காலையில் இருவரும் சுவரடியில் போய் நின்றார்கள். ஆகஸ்டில் ஒருநாள் அங்கே மொட்டைத் தலையோடு ஒருவன் அந்த ஸ்டாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தோள் குலுங்க நின்றான். எதெல்கா நின்ற இடத்திலிருந்தே எர்வின் என்று கூப்பிட்டாள். ஆர்மின்தான் தடுமாறி ஓடி அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பிய்க்காதடா" என்றார். "ரத்து பண்ணினது."

அதற்குள் மூலை கிழிந்துவிட்டது. பிடித்த மணிக்கட்டை அவர் வீடு போய்ச் சேரும்வரை விடவில்லை.