நிழலுக்கும் லூஸ் விட்ட அக்கா

என் அக்கா தையல்காரி. யாராவது எதிரே வந்து நின்றாலே போதும், தோளையும் இடுப்பையும் கண்ணாலேயே அளந்துவிடுவாள். கடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு முன்னால் நிற்கும் மரத்தடியில்தான் மெஷின். வெளிச்சமும் காற்றும் அங்கேதான். வீட்டுக்குள் பகலிலேயே ஊசியில் நூல் கோக்க முடியாது.

அந்த மரத்தை வெட்ட, ரம்பமும் கயிறுமாக ஓர் ஆளையே கூட்டிக்கொண்டு வந்து நின்றார் அத்தான். முந்தின வாரக் காற்றில் பக்கத்துத் தெருவில் ஒரு மரம் சாய்ந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை.

"விழுந்தா குழந்தை தூங்குற ரூம் மேலதான் விழும்" என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது.

"எட்டுமா எட்டாதான்னு அளந்து பாருங்க. சுவரைத் தொட்டா, நான் வாயே திறக்கல" என்றாள் அக்கா.

நான் பில் போடும் வேலை பார்ப்பவள். கால்குலேட்டர் கையில் இருந்தால் எனக்குத் தலைகால் புரியாது. நல்ல வெயில் வேறு. ஒரு குச்சியை நட்டு அதன் நிழலை நான் அளந்தேன். மரத்திலிருந்து சுவர்வரை அத்தான் அளந்தார். மரத்தின் நிழலை அக்கா தன் டேப்பால் அளந்தாள். குச்சியின் உயரத்துக்கு இவ்வளவு நிழல் என்றால், இந்த நிழலுக்கு மரம் எவ்வளவு உயரம்? பெருக்கி வகுத்தேன். சுவரைத் தாண்டி ஒரு சாண் உள்ளே வந்துவிட்டது மரம்.

மரம் வெட்டுகிறவர் அடிமரத்தின் சுற்றளவைக் கேட்டார். அதையும் அவளே அளந்து சொன்னாள். அவர் தன் கயிற்றை மரத்தைச் சுற்றிப் பிடித்து, அந்த நீளத்தை டேப்பில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, அதுக்குள்ள மரம் இளைச்சுப் போச்சா?"

"ரெண்டு இன்ச் லூஸ் விட்டுத்தான் எடுத்தேன். டைட்டா எடுத்தா மூச்சு விட வேணாமா?"

"மரத்துக்கா?"

எனக்குப் பொறி தட்டியது. "அக்கா! நிழலுக்கும் லூஸ் விட்டியா?"

"டேப் வைக்கிற ஒவ்வொரு தடவையும் ரெண்டு இன்ச் கூட்டிக்கிட்டேன்டீ. தையலுக்கு வேணாமா?"

"நிழலை யாருக்கா தைக்கப் போறா!"

அத்தான்கூடச் சிரித்துவிட்டார். ஆனால் மேகம் ஒன்று சூரியனை நெருங்கிக்கொண்டிருந்தது. நிழல் போனால் கணக்கும் போச்சு! மரம் வெட்டுகிறவர் ரம்பத்தைப் போட்டுவிட்டு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். நான் மறுபடியும் குச்சியிடம் ஓடினேன். கடைசி எண்ணைச் சொன்ன கையோடு வெயில் மறைந்தது. மளமளவென்று பட்டன்களைத் தட்டினேன்.

"எட்டல! ஒரு சாண் முன்னாடியே நின்னுடுச்சு!" என்று கத்தியேவிட்டேன்.

அத்தான் கால்குலேட்டரை வாங்கிப் பார்த்தார். "ஒரு சாண்தானே? மரம் வளராதா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை.

"பாவாடை நீளமாப் போச்சுன்னா தூக்கியா போடுறோம்?" என்றாள் அக்கா. "மடிச்சுத் தைக்கிறோம்ல. வருஷா வருஷம் உச்சியை மட்டும் கத்தரிச்சு விடுங்க."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"எவ்வளவு கத்தரிக்கணும்னு இப்பதானே தெரிஞ்சுது!"

அத்தான் மரத்தையும் குழந்தையின் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மரம் வெட்டுகிறவரிடம், "உச்சியில ஒரு முழம் எடுங்க. கொஞ்சம் லூஸ் விட்டே எடுங்க" என்றார்.

அவர் கயிற்றோடு மேலே ஏறினார். அக்கா மெஷினில் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினாள். சந்தோஷத்தில் அழுதுகொண்டே தைத்ததில் தையல் ஒரே கோணல்.