உள்பக்கப் படிகள்

லிபுஷே ஹன்சலோவாவை எங்கள் சங்கத்தில் யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது. பிரெரோவ் நகரத்துப் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். இரண்டு கணவர்களை விவாகரத்து செய்தவர். அதைப் பற்றிக் கேட்டால், "ரெண்டு பேருக்கும் பல்லு நான் கட்டினதுதான். கடிச்சது என்னையே" என்பார்.

எங்கள் சங்கம், பொம்மை அளவு மாதிரி ரயில்களைக் கட்டி ஓட்டுகிறவர்களுடையது. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு நிலவறையில் கூடுவோம். மேசைகளின் மேல் முட்டை வடிவில் தண்டவாளம். ஓட்டுகிறவர்கள் நடுவில் நிற்பார்கள், பார்க்க வருகிறவர்கள் வெளியே நிற்பார்கள். சேர விரும்புகிறவர் ஒரு ரயில் பெட்டியைத் தன் கையால் கட்ட வேண்டும். இலையுதிர்காலக் கண்காட்சியில் அது நாள் முழுக்கத் தடம் புரளாமல் ஓடினால் உறுப்பினர். புரண்டால் அடுத்த வருடம் பார்க்கலாம். கண்காட்சியன்று பெட்டிகளைத் தண்டவாளத்தில் ஏற்றி வைப்பது தலைவர் கை மட்டும்தான்.

தலைவர் ஓத்தகர் பெலிஷெக். பெண்கள் வந்தால் பேச்சு கெடும் என்று வெளிப்படையாகவே சொன்னவர். சேர வந்த ஹன்சலோவாவிடம் வேண்டுமென்றே, தபால் ஏற்றிச் செல்லும் ரயில் பெட்டி ஒன்றின் பித்தளைப் பாகங்களைக் கொடுத்தார். மூன்று ஆண்கள் தொடங்கிப் பாதியில் விட்ட சனியன் அது. தகட்டிலிருந்து ஒவ்வொரு துண்டையும் வெட்டி, மடித்து, பற்றவைக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினால் கைப்பிடிக் கம்பி உருகிப் போகும்.

பொய்ப்பல்லுக்குக் கம்பி வைக்கிற கை நடுங்கவில்லை. குளிர்காலம் முழுக்கக் கட்டினார். கூரையில் காற்றுக் குழாய்கள், அடியில் பிரேக் கம்பிகள், நான்கு மூலையிலும் தலைமுடி கனத்தில் ஏறுபடிகள். ஒரு கைப்பிடி லேசாகச் சாய்ந்திருப்பதாக நான் சொன்னேன்.

எங்கள் கிராமத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பன்றிக் கொட்டில் அலம்புகிறவரின் மகன் ரயில் பெட்டிப் பொறியியல் படித்தவன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

"என்ஜினியர் தம்பி, உங்க பட்டத்த சுவத்துல மாட்டிட்டீங்களா, இன்னும் கழுத்துலயேதான் தொங்குதா?" என்றார் அவர். ஆனால் மறு வாரம் கைப்பிடி நேராகியிருந்தது.

கண்காட்சிக்கு முந்தைய வியாழக்கிழமை ஒத்திகை. முதல் வளைவிலேயே பெட்டி கவிழ்ந்தது. நிஜ ரயில்பாதை வளைவதே கண்ணுக்குத் தெரியாது. நிலவறைக்குள் அடங்க வேண்டிய எங்கள் வளைவு தட்டின் விளிம்பு மாதிரி. சக்கரங்கள் அவ்வளவு திரும்பும்போது படியில் இடிக்கின்றன. மற்றவர்கள் பெட்டிகளில் படியே கிடையாது. நாலையும் வெட்டி எறியச் சொல்லி பெலிஷெக் கத்தினார், எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள் என்றார்.

"உங்க பெட்டிய கவுத்துப் பாத்தேன் தலைவரே. அடியில சோப்பு டப்பா மாதிரி காலியா கிடக்கு" என்றார் ஹன்சலோவா.

நான் அளந்து பார்த்தேன். வளைவின் உள்பக்கம் இருக்கும் படிகள் மட்டும்தான் இடிக்கின்றன. அந்த இரண்டை எடுத்தால் போதும். வெளியே நிற்கும் பார்வையாளர் கண்ணுக்கு முழுப் படிகளும் தெரியும். ஹன்சலோவா என்னை எரிப்பது போல் பார்த்தார். பிறகு பல் அறுக்கும் சக்கரத்தை எடுத்து உள்பக்கப் படிகள் இரண்டையும் அறுத்தார். பெட்டி சுற்றிச் சுற்றி வந்தது.

கண்காட்சியன்று காலையில் பெலிஷெக்தான் பெட்டிகளை ஏற்றி வைத்தார். ரயில் கிளம்பிய முதல் சுற்றிலேயே தபால் பெட்டி சாய்ந்தது. பின்னால் வந்த இரண்டு நிலக்கரிப் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. கூட்டம் சிரித்தது.

"பொய்ப்பல் அம்மா கட்டின வண்டி. அடுத்த வருஷம் வாங்கம்மா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார் பெலிஷெக்.

நான் வெளிப்பக்கம் நின்றிருந்தேன். கவிழ்ந்த பெட்டியின் என்னைப் பார்த்த பக்கத்தில் படிகள் இல்லை. படியுள்ள பக்கம் உள்ளே வரும்படி பெலிஷெக் பெட்டியைத் திருப்பி வைத்திருக்கிறார். அதை நான் கூட்டத்துக்கு முன்பாகவே சொன்னேன். அவசரத்தில் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்றார் பெலிஷெக்.

"தெரியலையா? அந்தப் படிக்காகத்தான போன வியாழக்கிழம அந்தக் கத்து கத்தினீங்க" என்றார் ஹன்சலோவா.

யாரையும் கேட்காமல் பெட்டியைத் திருப்பித் தண்டவாளத்தில் வைத்தார். கண்காட்சி முடியும்வரை நடுவில் நின்று ரயிலை அவரே ஓட்டினார். சாப்பிடவில்லை. யார் கை நீட்டினாலும் இடம் விடவில்லை. பெட்டி மறுபடி விழவில்லை.

அன்று சாயங்காலம், புரண்டது புரண்டதுதான் என்று பெலிஷெக் பிடிவாதம் பிடித்தார். கையுயர்த்தச் சொன்னோம். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் ஹன்சலோவா உறுப்பினரானார். நானும் கை தூக்கினேன், பாசத்தில் இல்லை. திருப்பி வைத்தவனை என்னால் சகிக்க முடியவில்லை.

"நன்றி சொல்லுவேன்னு நிக்கிறீங்களா தம்பி?" என்றார் அவர். இல்லை என்றேன். "நல்லது."

உட்காருவதற்கு முன்பே உறுப்பினராகத் தன் முதல் கோரிக்கையை வைத்தார். சுவரோரச் சாமான்களை அப்புறப்படுத்தி, அந்த வளைவைப் பிடுங்கி அகலமாகப் போட வேண்டும். அந்த வளைவைப் போட்டவர் பெலிஷெக். அதே ஒரு கை வித்தியாசத்தில் அதுவும் நிறைவேறியது.

அடுத்த வியாழக்கிழமை பெலிஷெக் வந்து, கோட்டைக் கழற்றாமல், கதவோரம் நின்றார். ஹன்சலோவா மேசை மேல் ஏறி முழங்காலில் நின்று, பல் பிடுங்கும் குறட்டால் தண்டவாளத்தின் முதல் ஆணியைப் பிடுங்கி, அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தகர டப்பாவில் போட்டார்.