முதல் மொட்டைக்கு முன் ஒரு தலைக்காயம்

1. ரிக் வண்டியின் படி

திருச்செங்கோட்டில் நான் பணிபுரியும் சிறிய மருத்துவமனையின் காஷுவாலிட்டிக்குக் குழந்தைகள் தனியாக வருவதில்லை. ஒரு தலைக்காயம் வந்தால், அதற்குப் பின்னால் ஒரு வேன் நிறைய உறவினர்கள் வருவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை குழந்தையோடு வந்தவர்கள் மூன்றே பேர். ஆனால் ஒரு கல்யாண மண்டபத்துக்கு உண்டான சத்தம் அவர்களிடம் இருந்தது.

குழந்தையின் பெயர் யாழினி, வயது மூன்று. தாய் கலைவாணி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையில் ஒரு துண்டை அழுத்திப் பிடித்திருந்தார். தந்தை லோகநாதன் ரிசப்ஷனிலேயே, "தையலுக்கு ரெடி பண்ணுங்க, தையலுக்கு ரெடி பண்ணுங்க" என்று அறிவித்தபடி வந்தார். மூன்றாவது ஆள் கலைவாணியின் தம்பி செந்தில். அவர் ஓட்டும் ரிக் வண்டி, அதாவது போர்வெல் போடும் லாரி, மழைக்காலத்தில் வேலை இல்லாததால் ஊர் திரும்பி வீட்டு வாசலில் நின்றிருந்தது. அக்கா மகளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்திருக்கிறார். அவர் போட்டோ நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் தானாகவே இறங்க முயன்று படியில் சறுக்கி, கீழே இருந்த இரும்பு டூல் பாக்ஸில் தலையை இடித்துக்கொண்டாள்.

"மயக்கம் போட்டாளா? வாந்தி எடுத்தாளா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. உழுந்த ஒடனே கத்துனா பாருங்க, எங்க ரிக் கம்ப்ரஸர் தோத்துப்போச்சுங்க," என்றார் செந்தில்.

உடனே அழுத குழந்தை நல்ல குழந்தை. கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கை கால்களை அசைக்கச் சொன்னேன். அவள் காலை அசைத்த விதத்தில் என் மூக்குக்கண்ணாடி தப்பியது பெரிய விஷயம். வலது காதுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு நேரான வெட்டு. ஓரங்கள் சுத்தமாக இருந்தன, எலும்பில் அடி இல்லை. தலைத்தோல் எப்போதுமே தேவைக்கு அதிகமாக ரத்தம் காட்டிப் பயமுறுத்தும். சிறிது நேரம் காஸ் துணி வைத்து அழுத்தியதும் ரத்தம் நின்றுவிட்டது.

பழக்க தோஷத்தில், "மல்லிகா, சுத்தியும் முடியை எடுத்துட்டு தையல் ட்ரே வையுங்க" என்று சிஸ்டரிடம் சொன்னேன்.

கலைவாணி சட்டென்று இரண்டு கைகளாலும் மகளின் தலையை மூடிக்கொண்டார். "ஏனுங்க டாக்டரம்மா, முடியில மட்டும் கை வெக்காதீங்க. கத்தியோ கத்திரியோ படக்கூடாதுங்க. வர்ற ஞாயித்துக்கெழம மொத மொட்டைங்க!"

2. யார் பக்கம் பேசுவது

வெளியூரிலிருந்து வந்து இங்கே வேலைக்குச் சேரும் இளம் மருத்துவர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். பிறந்த முடி குலதெய்வத்துக்கு உரியது. முதல் மொட்டை அடிக்கும் வரை அதில் எந்த இரும்பும் படக்கூடாது. அந்த மொட்டையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் அடிக்க வேண்டும். யாழினிக்கு இருப்பது ஒரே மாமன். அவர் திங்கட்கிழமை ரிக்கோடு சத்தீஸ்கருக்குக் கிளம்புகிறார். போனால் அடுத்த மழைக்குத்தான் திரும்புவார். போன மழைக்கு அவர் வந்திருந்தபோது குடும்பத்தில் ஒரு சாவுத் தீட்டு. அதனால் விசேஷம் ஒரு வருடம் தள்ளிப்போயிருந்தது. இந்த முறை ஒறம்பரைக்கெல்லாம், அதாவது உறவினர்களுக்கெல்லாம் சொல்லி, விருந்துக்குக் கெடாயும் பிடித்துக் கட்டியாகிவிட்டது.

லோகநாதன் தன் நிலையில் உறுதியாக இருந்தார். "முடி கெடக்குதுங்க. மொதல்ல தையலப் போடுங்க. தையல் போட்டாத்தான் நெலைக்கும்."

"மாமா, நீங்க சும்மா இருங்க. மடியில வெக்கப்போறது நானு," என்றார் செந்தில்.

"உங்கிட்ட குடுத்துத்தானே மாப்ளே மண்டை ஒடைஞ்சிருக்குது!"

செந்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிக்கத் தொடங்கினார். அதுவரை வாய் ஓயாத மனிதர் அப்படி அட்டவணைக்குள் ஒளிந்துகொண்டதைப் பார்த்தபோது, எனக்கு முன்னால் சிகிச்சைக்கு வந்திருப்பவர்கள் இரண்டு பேர் என்று தோன்றியது.

குழந்தையின் தோலில் ஏற்படும் வெட்டை மூட எங்களிடம் சில வழிகள் உண்டு. எதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தையல் பழையது, நம்பகமானது. முழங்காலில் வாய் பிளந்த காயத்தோடு வாழப்பாடியிலிருந்து வந்த ஒரு துறுதுறுப்பான சிறுமிக்கு நான் தையலைத் தவிர வேறொன்றையும் நினைக்கவில்லை. ஓயாமல் மடங்கி நிமிரும் இடத்தில் பசை தாங்காது. ஆனால் தையலுக்கு மரத்துப்போகும் ஊசி போட வேண்டும், குழந்தையைப் போர்வையில் சுருட்டி இரண்டு பேர் பிடிக்க வேண்டும், பிறகு தையல் பிரிக்கும் நாளில் அதே நாடகத்தை இன்னொரு முறை நடத்த வேண்டும். நெற்றியிலும் தாடையிலும் ஏற்படும் சிறிய, நேரான வெட்டுக்கு ஸ்கின் க்ளூ என்ற தோல் பசை போதும். ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து மேலே தடவினால் காய்ந்து பிடித்துக்கொள்ளும். இன்னும் சிறியதற்கு ஒட்டும் ஸ்ட்ரிப். அது முடி இருக்கும் இடத்தில் ஒட்டாது. ஸ்டேப்ளர் வேகமானது, ஆனால் அதன் சத்தத்துக்கே குழந்தைகள் கட்டிலை விட்டு இறங்கிவிடுவார்கள்.

தலைக்காயத்துக்குத் தைப்பதென்றாலும் முடியை வழித்தே தீர வேண்டும் என்பதில்லை. ஒதுக்கிவிட்டும் தைக்கலாம். ஆனால் ஆடிக்கொண்டே இருக்கும் தலையில் முடியும் நூலும் பின்னிக்கொண்டால், கடைசியில் கத்திரி கேட்காமல் இருக்காது. அந்தத் தலையில் கத்திரிக்கு அனுமதி இல்லை.

மிச்சம் ஒரு வழி இருந்தது. காயத்தின் இரு பக்கமும் சில முடிகளை எடுத்து, குறுக்கே கொண்டுவந்து ஒரே ஒரு முறுக்கு முறுக்கி, அந்த முறுக்கின் மேல் ஒரு சொட்டு க்ளூ வைப்பது. முடியே நூலாகிவிடும். ஊசி இல்லை, கத்தி இல்லை, பிரிக்கவும் வேண்டாம். முடி போதிய நீளம் இருக்க வேண்டும், ரத்தம் நின்றிருக்க வேண்டும், வெட்டு நேராக இருக்க வேண்டும். யாழினியின் தலை மூன்றிலும் தேறியது.

3. பசையும் பூசாரியும்

"பசைங்களா?" என்றார் லோகநாதன். "செருப்புக்கு ஒட்டறாப்பலயா?"

"அது வேற, இது வேறங்க. இது உடம்புக்குன்னே செஞ்சது," என்றேன்.

காயத்தை சலைன் விட்டு நன்றாகக் கழுவினோம். அதற்கு மட்டும் அழுதாள். பிறகு கலைவாணியின் மடியிலேயே அவளைச் சாய்த்துவைத்தோம். மல்லிகா ஓரங்களைச் சேர்த்துக் கொடுக்க, நான் முடியை எடுத்தேன்.

"தங்கம், அசையாம இரு. டாக்டர் உன் தலையில முறுக்குப் பண்றாங்க," என்றார் மல்லிகா.

"எனக்கு?" என்று யாழினி கையை நீட்டினாள்.

அந்தக் கையில் தன் டப்பாவிலிருந்த நிஜ முறுக்கு ஒன்றை மல்லிகா வைத்தார். அவள் அதைத் தின்று முடிப்பதற்குள் நான் ஐந்து முறுக்கு முடித்திருந்தேன். லோகநாதன் அருகில் வந்து குனிந்து பார்த்தார். "இவ்வளவுதானுங்களா?" என்று கேட்ட குரலில், ஏமாற்றப்பட்ட ஒருவரின் வருத்தம் இருந்தது. கத்தல் இல்லாத வைத்தியத்தை நம்புவது சிலருக்குக் கடினம்.

எல்லோரும் சிரித்தபடி எழுந்தபோதுதான் நான் அடுத்த செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. வெட்டு மூடிவிட்டது, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த இடத்தில் சவரக்கத்தி ஓடும் அளவுக்கு அது ஆறியிருக்காது. முறுக்கை வழித்தால் காயம் மறுபடி திறக்கும்.

"மத்த எடமெல்லாம் எடுக்கலாம். காயத்தைச் சுத்தி ஒரு உள்ளங்கை அகலம் அப்படியே விட்டுடணும். அதை அடுத்த வாரம் எடுத்துக்கலாம்."

கலைவாணி தம்பியைப் பார்த்தார். செந்தில் மெதுவாகக் கேட்டார்: "அரையுங்கொறையுமா மொட்டை போட்டா அது கணக்குல வருங்களா?"

இதற்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. "அதை உங்க பூசாரிகிட்டத்தான் கேக்கணும்," என்றேன். உடனே கேட்டார், போனை ஸ்பீக்கரில் போட்டு. நான் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். மறுமுனையில் வெற்றிலை மெல்லும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"ஏன்டா செந்திலு, கொழந்த தலையக் காயப்படுத்தியா சாமி முடி கேக்குது? மொதக் கத்தி உன்ற மடியில உழுகோணும், அவ்வளவுதான். மிச்சத்த ஆறுன பொறவு கொண்டாந்து குடுக்கட்டும். வெச்சுடு, ஆளுக நிக்கறாங்க."

போனை வைத்த செந்தில் யாழினியை அக்காவிடமிருந்து வாங்கி, தோளில் சாய்த்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். லோகநாதன் பின்னாலேயே, "பாத்து மாப்ளே, படி இருக்குது" என்று சொல்லிக்கொண்டு போனார்.

4. இரண்டு சொட்டு எண்ணெய்

தண்ணீர் படக்கூடாது, எண்ணெய் கூடவே கூடாது என்று அவர்களிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். பசைக்கு எண்ணெய் எதிரி. ஆட்டையாம்பட்டியில் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் பிள்ளைக்கு நெற்றியில் ஒட்டிய க்ளூ, விளக்கெண்ணெய் தடவிய மறுநாளே உரிந்து வந்ததைப் பார்த்தவள் நான். நம் வீடுகளில் புண் என்றால் கை முதலில் எண்ணெய்க் கிண்ணத்துக்குத்தான் போகும்.

சனிக்கிழமை காலையில் மூவரும் மறுபடி வந்து நின்றார்கள். யாழினியின் தலை ஒரு பக்கம் பளபளவென்று மின்னியது.

"யார் வெச்சது?" என்றேன்.

கலைவாணி கணவரைப் பார்த்தார். லோகநாதன் மின்விசிறியைப் பார்த்தார். "அரிக்குது அரிக்குதுன்னு ராவெல்லாம் தூங்கலீங்க. மனசு கேக்கல. ரெண்டு சொட்டுத் தேங்காண்ணெய்தானுங்க."

"மாமா, தையல் போடலைன்னு இன்னும் உள்ளுக்குள்ள கறுவிக்கிட்டு இருக்கறீங்களா?" என்றார் செந்தில். சிரிக்க முயன்றார், ஆனால் கண்கள் என் கையையே தொடர்ந்தன. நாளைக்கு என்ன ஆகும் என்பது அந்தக் கையில் இருந்தது.

மேல் முனையில் இரண்டு முறுக்கு அவிழ்ந்திருந்தது. அங்கே ஓரம் இலேசாக வாய் திறந்திருந்தது. மற்ற மூன்றும் பிடித்திருந்தன, உள்ளே காயம் சேரத் தொடங்கியிருந்தது, சீழோ சிவப்போ இல்லை. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: தையலாக இருந்திருந்தால் எண்ணெய் அதை ஒன்றும் செய்திருக்காது. எந்த வழியும் தன் பலவீனத்தோடுதான் வருகிறது.

மல்லிகா குழந்தைகளுக்கான ஷாம்பூவை நீர்க்கக் கலக்கி, அந்த இடத்தை மட்டும் எண்ணெய் போகும் வரை நிதானமாகத் துடைத்தெடுத்தார். நன்றாக உலர்த்தினோம். இரண்டு முறுக்கையும் மறுபடி போட்டேன். இம்முறை க்ளூ காயும் வரை நான் கையை எடுக்கவில்லை.

"நாளைக்கு மொட்டை நடக்குங்களா?" என்று செந்தில் கேட்டார்.

"நடக்கும். எங்கே நிறுத்தணும்னு காட்ட நானே வரேன். அதுவரைக்கும் அவங்கப்பா கையில எண்ணெய் போகாம பாத்துக்கங்க."

"கிண்ணத்தையே தூக்கி ரிக்குல வெச்சுப் பூட்டிடறனுங்க," என்றார் அவர்.

5. பாறை வந்த இடம்

ஞாயிற்றுக்கிழமை நானும் மல்லிகாவும் போனோம். கோயில் வேப்பமரத்தடியில் செந்தில் புது வேட்டியில் சம்மணமிட்டு அமர்ந்திருக்க, அவர் மடியில் யாழினி ஒரு வாழைப்பழத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். முடி எடுப்பவர் என்னிடம், "எல்லைய மட்டும் காட்டுங்கம்மா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். முடியை ஒதுக்கி, என் பேனாவால் காயத்தைச் சுற்றித் தோலில் ஒரு வட்டம் போட்டேன். கத்தி முன்நெற்றியில் தொடங்கியது. முதல் கற்றை செந்திலின் மடியில் விழுந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சந்தனம் பூசிய பளபளப்பான மொட்டை, வலது காதுக்கு மேலே மட்டும் ஒரு முடித் தீவு. கூட்டத்திலிருந்து ஒரு மாமா குரல் கொடுத்தார்: "ஏம்ப்பா செந்திலு, அந்த எடத்துல மட்டும் கத்தி மொக்கையாயிருச்சா?"

"பாறை வந்துருச்சுங்க மாமா. நிறுத்தச் சொல்லிப்போட்டாங்க எங்க என்ஜினியரு," என்று என்னைக் காட்டினார். அன்று முழுவதும் பந்தியில் எனக்கு அந்தப் பெயர்தான்.

மறுநாள் செந்தில் சத்தீஸ்கர் கிளம்பினார். அடுத்த வாரக் கடைசியில் நான் பார்த்தபோது காயம் மெல்லிய கோடாகச் சேர்ந்திருந்தது. மிச்ச முடியையும் பெற்றோர் அதே கோயிலில் இறக்கிவிட்டு, முழு மொட்டையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினார்கள். "இது உங்க மொட்டை. எம்மடியில போட்டதுதான் அழகு" என்று பதில் வந்ததாக லோகநாதன் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

இப்போது தலைக்காயத்தோடு ஒரு குழந்தை வந்தால் முடியின் நீளம் பார்க்கிறேன், வெட்டின் ஆழம் பார்க்கிறேன், ரத்தம் நின்றதா என்று பார்க்கிறேன். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அமர்ந்து, வரும் பத்து நாட்களில் வீட்டில் என்ன விசேஷம், யார் மடியில், யார் ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று கேட்கிறேன். அதற்குள் மல்லிகா ட்ரேயோடு பக்கத்தில் வந்து நிற்பார். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை அந்த ட்ரேயில் எதையும் எடுத்துவைக்க நான் சொல்வதில்லை.